சொந்தமாகப் பாட்டு வெளியிட்டபோது உங்களுக்கு நடந்தது என்ன?

மதுரையிலிருந்து:

2021-இல் எங்கள் முதல் பாட்டை ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் தளம் (ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களுக்குப் பாட்டை அனுப்பித் தருவது) வழியாக நானே ஏற்றினேன். வரிகள் எங்கள் தெருப் பெரியவருடையவை. கேசட் காலத்தில் அம்மன் பாட்டு நிறைய எழுதியவர். பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கியதோடு சரி.

பாட்டு வந்த அன்று ஸ்பாட்டிஃபையில் கிரெடிட்ஸைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் பேரு எங்க தம்பி?" என்றார். எழுதியவர் கட்டத்திலும் அவசரத்தில் என் பெயரையே போட்டிருந்தேன். இப்போதும் நினைத்தால் மனசு கனக்கிறது.

பெயரை அன்றே திருத்தச் சொன்னேன். அப்புறம்தான் விசாரித்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிய பங்கு வேறு, அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்கிற பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான வசூல் சங்கம். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, அந்த ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ வசூல் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. முன்பு இதையெல்லாம் கம்பெனிக்காரர் பார்த்துக்கொண்டார், அல்லது பார்க்காமல் விட்டார். இப்போது படிவத்தை நிரப்புகிற நாம்தான், வரி, மெட்டின் உரிமையைக் கவனிக்கிற பப்ளிஷர் வேலையும் செய்கிறோம். பெரியவரை அந்தச் சங்கத்தில் உறுப்பினராக்கி, ஆளுக்குப் பாதி என்று பதிந்தோம்.

பிறகு வந்தது சின்னத் தொகைதான். பாஸ்புக்கில் பதிந்துகொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

சென்னையிலிருந்து:

தம்பி, நான் ஒரு ஆடியோ கம்பெனியில் முப்பது வருடம். முதலில் கேசட் பெட்டிகளைக் கட்டி வெளியூர் பஸ்ஸில் போட்டு அனுப்புவேன், விற்காமல் திரும்பி வந்ததை எண்ணுவேன். இப்போது அதே பழைய பாட்டுகளை எக்செல்லில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண், பாடியவர், இசை, வரி. ஒரே கவிஞரின் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக ஏறியிருந்தால் கணினிக்கு அவர் மூன்று ஆள். இனிஷியல் ஒன்று மாறினாலும் அதே கதைதான். சில கேசட்டுகளுக்கு மாஸ்டர் டேப் மட்டும் இருக்கிறது, அட்டை இல்லை. பாடியவருக்குப் போன் போட்டு, "யார் எழுதினதுங்க?" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்கு நினைவில்லை.

பழைய பக்திக் கேசட் அட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எழுதியவர் பெயர் அதில் மட்டும்தான் இருக்கக்கூடும்.