போஸ்டர் அறையில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து

போஸ்டர், துண்டுப் பிரசுரம் எல்லாம் சேர்த்து வைத்துச் சுவரில் மாட்டிக் காட்டும் நம் மாடி அறை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மீனவர் சங்கப் போஸ்டர்களைச் சுவரில் மாட்டியிருந்த வாரம் அது. கச்சத்தீவு, படகு பறிமுதல், வேலைநிறுத்தம் எல்லாம் கலந்து இருந்தது. கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் அம்மா சும்மா பார்க்கலாம் என்று மேலே வந்தார். பாசி எடுக்கப் போகிறவர், விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். ஒரு வீரவணக்கப் போஸ்டர் முன்னால் நின்றுவிட்டார். அதில் நான்கு படங்கள். மூன்றாவது படம் அவர் வீட்டுக்காரர்.

“வீரவணக்கம்னு யாரு தம்பி போடச் சொன்னா? அவரு கரைக்கு வரலன்னுதான் நாங்க சொன்னோம். செத்துட்டாருன்னு சொல்லவே இல்லையே.”

உடல் கிடைக்கவில்லை. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் போனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை சான்றிதழுக்கு நடையாய் நடந்த குடும்பம் அது. போஸ்டர் மட்டும் ஒரே வாரத்தில் சுவருக்கு வந்துவிட்டது. கழற்றச் சொன்னார், கழற்றினோம். அவர் படியிறங்கிப் போனதும் பொறுப்பில் இருந்தவர் அதே இடத்தில் திரும்ப மாட்டினார். “ஆவணம்னா ஆவணம்தான்” என்றார். அந்த அம்மாவின் முகம் என்னை விடமாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கீழக்கரையிலிருந்து

எனக்கு அச்சகத்தின் பெயரில்லாத ஒரு துண்டுப் பிரசுரம்தான். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டுக்குள் இருந்தது. அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும் என்பது 1867-லிருந்தே இருந்த சட்டம். அது இல்லை என்றாலே பயந்துகொண்டு அடித்த காகிதம் என்று புரிந்துகொள்ளலாம். 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்த பிறகுதான் நம் பக்கம் கெடுபிடி முழுதாக இறங்கியது. அந்தச் சமயத்தில் அடித்ததுதானா, பல வருடம் கழித்து அடித்ததா என்று எங்களுக்குள் பேச்சு. லை, ணை எல்லாம் பழைய தும்பிக்கை வடிவத்தில் இருந்ததால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னான். அப்படிச் சொல்ல முடியாது. ஈய எழுத்துக்குக் காசு போட்டவர்கள் அரசாணை வந்த மறுநாளே அதை உருக்கிவிடவில்லை. சின்ன அச்சகங்களில் அது பல வருடம் ஓடியது.

அன்றைக்கு அச்சுக் கோர்த்தே குடும்பம் நடத்திய ஒரு காக்கா (எங்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம்) வந்திருந்தார். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தலைப்பில் இருந்த ‘ழ’ மேல் நகத்தை வைத்தார். மரக்கட்டை எழுத்து, வால் நுனி கொஞ்சம் உடைந்தது. “இது எங்க பெட்டி எழுத்து” என்றார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுந்திருந்த அழுத்தத்தைத் தடவினார். “ராத்திரியில காலால மிதிச்சு ஓட்டுனது. நான்தான் ஓட்டுனேன்.”

பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “பேரு வேணாம்பா. மொதலாளி புள்ளைங்க இங்கதான் தொழில் பண்றாங்க.” பதிவேட்டில் “அச்சகம் குறிப்பிடப்படவில்லை” என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரியும். காக்காவும் போய், நானும் போனால் அந்த அச்சகத்தின் துணிச்சலும் எங்களோடு போய்விடும். அதுதான் என்னை உறுத்துகிறது.

ராமநாதபுரத்திலிருந்து

தங்கச்சிமடம் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரும்ப மாட்டியது சரிதான். ஒருவர் கேட்டார் என்று எடுத்தால், நாளைக்குத் தலைவர் படத்தை எடு, சாதிப் பெயர் இருக்கிறது எடு என்று வரிசையாக வருவார்கள். நம் மாவட்டத்தில் செப்டம்பரில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அக்டோபரில் தேவர் குருபூஜைக்கும் போஸ்டர் ஏறும் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கசப்பான காகிதம்தான் முதலில் காணாமல் போகும்.

என் அனுபவம் சிறியது. ஒரு கட்சிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த சுருளைப் பிரித்தோம். செலோடேப் போட்ட இடத்தில் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தச் சத்தம் மறக்கவில்லை.

அதனால் புதிதாக வருகிறவர்கள் கவனியுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் அதைவிடக் கெடுதல், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பெரும்பாலான வால்போஸ்டர் மலிவான காகிதம், மரக்கூழிலேயே அமிலம் இருக்கிறது, வெயில் பட்டால் பழுப்பேறி உடையும். நம் ஊரில் கூடவே உப்புக் காற்று. கடல் பக்க ஜன்னலை மதியத்துக்கு மேல் திறக்காதீர்கள். சுருட்டி வைக்காதீர்கள், படுக்கையாக வையுங்கள். இரும்பு கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்துக் காகிதத்தில் ஓட்டை போடும், முதல் வேலையாகக் கழற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசைதான் சாப்பாடு, பின்பக்கம் காய்ந்த மைதா பசை இருக்கும் போஸ்டரைத் தனியாக வையுங்கள். ஒட்டுவதென்றால் மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுங்கள், பைண்டிங் கடைகளில் காலங்காலமாகச் செய்வதுதான். எதையும் ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

மண்டபத்திலிருந்து

இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள், ஐயா. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

1990-ல் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம் எங்களுடையது. நான் அகதிகள் முகாமில் பிறந்தவள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைக் கண்டித்து இந்தக் கரையில் அடித்த ஒரு பிரசுரம் அறைக்கு வந்தபோது, முகாமிலிருந்து ஒரு மாமியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மாமி அதைத் தொடவில்லை. எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் கேட்டார்: “பிள்ளை, இதை ஆர் இவ்வளவு காலமும் வைச்சிருந்தது?”

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வீட்டில் இருந்த அச்சுக் காகிதம் அத்தனையும் அடுப்புக்குள் போனதாம். எந்த அமைப்புடையது என்றுகூடப் பார்க்கவில்லையாம், பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸும் சேர்ந்து எரிந்ததாம். இத்தனை வருடம் கழித்தும் கை முதலில் கதவுக்குத்தான் போகிறது.

அந்தப் பிரசுரத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதிய பட்டியல். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊர்ப் பெயருடன். முன்பக்கத்தை இணையத்தில் போடுவதை நான் எதிர்க்கவில்லை. ‘நூலகம்’ மின்னூலகம் 2005-லிருந்து செய்யும் வேலை இல்லையென்றால் என் தலைமுறைக்கு எதுவுமே கிடைத்திருக்காது. பின்பக்கத்தைப் போட வேண்டாம் என்கிறேன். வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு. தங்கச்சிமடத்து அம்மாவும் கிழிக்கச் சொல்லவில்லையே, சுவரிலிருந்து எடுக்கத்தானே சொன்னார்? கீழக்கரை அண்ணனும் பெயரை எழுதி உறையில் போட்டு ஒட்டி, எந்த வருடம் பிரிக்கலாம் என்று காக்காவிடமே கேட்டு மேலே எழுதி வைக்கலாம்.

தொண்டியிலிருந்து

முதலில் மயில்துத்தம். பூச்சி வராது, உண்மை. ஆனால் செம்பு உப்பு காகிதத்தையே நாளடைவில் அரிக்கும், பச்சைக் கறையும் விழும். புத்தக அட்டைக்குச் சரி, அபூர்வமான போஸ்டருக்கு வேண்டாம். வெறும் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பான் டிஷ்யூவும் போதும், பின்னால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம்.

என்னுடையது டீக்கடைச் சுவர். கடையை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒட்டி ஒட்டி விரல் தடிமனுக்கு ஏறிப்போன போஸ்டர் அட்டையை அப்படியே பெயர்த்து எடுத்து வந்தோம். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், ஓரத்தில் மெதுவாகக் கரண்டி. மேலே தேர்தல், அதற்குக் கீழே கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே சேதுசமுத்திரத் திட்டத்தை வரவேற்று ஒன்று. திட்டத்தை 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கி வைத்த சமயத்தது. அது பிரிந்து வந்ததும் கீழே அதே திட்டம் மீனுக்கு எமன் என்று மீனவர் பக்கத்துப் போஸ்டர். ஒன்றின் மை மற்றொன்றின் முதுகில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா என்று தெரியாமல் தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றேன். பிரித்துவிட்டோம். எந்தப் போஸ்டருக்கு மேல் எது இருந்தது என்று வரிசை எழுதி வைத்தேன். அந்த வரிசை எந்தச் செய்தித்தாளிலும் கிடைக்காது.

இன்னொன்று. எல்லாமே ஃப்ளெக்ஸ் ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் அது படகுக்கு மூடாப்பாகவும் கோழிக்கூட்டுக்குக் கூரையாகவும் போகிறது. அதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில்தான் வலை பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்போது வீடு வீடாகப் போய்ப் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மண்டபம் தங்கை சொன்ன உறை யோசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம், முதலிலேயே காட்டினால் தயங்குகிறவர்களும் தருவார்கள். பாம்பன் பக்கம் யார் வருகிறீர்கள்?