டெரல் டேவிஸுக்கு 78 ஆட்டங்கள் போதுமா?

கேள்வி:
டென்வர் பிராங்கோஸ் அணியின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டெரல் டேவிஸ், 2017-இல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்தவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 1999-இல் முழங்கால் தசைநார்கள் கிழிந்ததால், அந்தப் பருவத்தையும் சேர்த்துக் கடைசி மூன்று பருவங்களில் அவர் ஆடியவை 17 ஆட்டங்களே. மொத்தம் 78 ஆட்டங்கள், பந்தோடு ஓடியது 7,607 யார்டுகள். அவரைப் போலவே 1995 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்து, ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்ற கர்ட்டிஸ் மார்ட்டின் 14,101 யார்டுகள் ஓடியவர். அதில் ஏறத்தாழப் பாதி ஓடியவருக்கும் அதே இடம் தகுமா? தகுமென்றால், இடுப்புக் காயத்தால் 38 ஆட்டங்களோடு முடிந்துபோன போ ஜாக்சனை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

மறுமொழி 1:
தகும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த 7,607 யார்டுகளில் 6,413 முதல் நான்கு பருவங்களிலேயே வந்தவை. 1998-இல் அவர் 2,008 யார்டுகள் ஓடி, லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். பிளேஆஃபில் (பருவத்தின் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்று) ஆடிய எட்டு ஆட்டங்களில் 1,140 யார்டுகளும் 12 டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். ஒற்றைத் தலைவலியால் பார்வை மங்கி இரண்டாம் கால்பகுதியில் வெளியே அமர நேர்ந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியிலும் மூன்று டச்டவுன்கள் போட்டு, ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார். ஜாக்சனின் நிலை வேறு. தாம் ஆடிவந்த பேஸ்பாலின் பருவம் முடிந்த பிறகே ஒவ்வோர் ஆண்டும் அணியில் சேர்ந்ததால், அவர் ஒரு பருவத்தில்கூட ஆயிரம் யார்டுகளை எட்டவில்லை. அவரிடம் இருந்த ஆற்றலை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் மதிப்பிட வேண்டியது களத்தில் நிகழ்ந்ததை மட்டுமே.

மறுமொழி 2:
நான் உடன்படவில்லை. டேவிஸ் காயமடைந்த 1999-இல் அதே அணியில் ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டுகளும், மறு ஆண்டு மைக் ஆண்டர்சன் 1,487 யார்டுகளும் ஓடினர். அப்படியானால் அந்த யார்டுகளில் எவ்வளவு டேவிஸுடையது, எவ்வளவு அவருக்கு வழி திறந்துவிட்ட தடுப்பாட்டக்காரர்களுடையது? மேலும், ஆண்டுதோறும் அடிவாங்கியும் களத்தில் நிலைத்திருப்பது இந்த ஆட்டத்தில் மிகக் கடினமான செயல். மார்ட்டின் அதை 11 பருவங்கள் செய்தார்.

மறுமொழி 3:
தடுப்பாட்டம் பற்றிய வாதம் வலுவானது. ஆனால் அது பிளேஆஃபை விளக்கவில்லை. டேவிஸ் காயமடைந்த பின், 2005 பருவம் வரை டென்வர் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையும் வெல்லவில்லை (அணியின் பந்தெறியும் வீரர் ஜான் எல்வேயின் ஓய்வுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதை ஏற்கிறேன்). குறுகிய ஆட்ட வாழ்க்கையை ஹால் ஆஃப் ஃபேம் ஏற்பதும் புதிதன்று. முழங்கால் காயங்களால் 68 ஆட்டங்களோடு நின்ற சிகாகோ பேர்ஸின் கேல் சேயர்ஸ், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல், 1977-இல் தம் 34-ஆம் வயதில் சேர்க்கப்பட்டார்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது ஸ்டெர்லிங் ஷார்ப்பின் காத்திருப்பு. எறியப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக, கிரீன் பே அணிக்காக ஏழு பருவங்களில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். 1992-இல் பிடித்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள் மூன்றிலும் லீகில் முதலிடம் பெற்றவர். 1994-இல் கழுத்துக் காயம் அவரை நிறுத்தியது. கான்டனின் கதவு திறந்ததோ 2025-இல்தான். அவருடைய தம்பி ஷானன், 2011-இல் தம்மைச் சேர்த்த விழாவிலேயே, தம் குடும்பத்தில் தாம் இரண்டாவது சிறந்த வீரர்தான் என்று சொல்லி அண்ணனுக்காக வாக்காளர்களிடம் வேண்டினார். அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் ஆயின.