வரிசை முனையில் ரோஜா எதற்கு? நாசிக் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசகன்:
போன வாரம் அண்ணாநகர் அகிலா தம் நாசிக் பயணத்தைப் பற்றி இங்கே எழுதியிருந்தார். ஒயின் தோட்டங்களில் வரிசைக்கு வரிசை முனையில் ஒரு ரோஜாச் செடி நட்டிருப்பார்களாம். திராட்சைக் கொடிக்குச் சாம்பல் நோய் வருவதற்கு முன்பே ரோஜா இலையில் வெள்ளை படிந்து விவசாயியை எச்சரித்துவிடுமாம். உடனே ஆளாளுக்கு "அருமை, அருமை" என்று பாராட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. நானும் இந்தப் பிப்ரவரியில் நாசிக்கில் இரண்டு நாள் இருந்தேன். கங்காபூர் அணைப் பக்கம் தோட்டம் தோட்டமாக நடந்தவன் சொல்கிறேன்: ரோஜா அழகுக்கு. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு. பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணாநகர் அகிலா:
பெரியவர் சிரித்தது உங்கள் இந்தியைக் கேட்டு என்று ஏன் தோன்றவில்லை? ரோஜாவைச் சாம்பல் நோய் எளிதில் பிடிக்கும். பிரான்சில் போர்தோ வட்டாரத்தில் இன்றைக்கும் வரிசை முனையில் ரோஜா வைக்கிறார்கள். இலையில் வெள்ளை தெரிந்தவுடன் கொடிக்குக் கந்தகம் அடிப்பார்கள். தாமதித்தால் பழம் தோல் வெடித்து வீணாகிவிடும். இதைத்தான் எழுதினேன். அழகுக்கு என்றால் கேட்டருகில் நட்டிருப்பார்களே, வரிசை முனையில் எதற்கு?

வேளச்சேரி வாசகன்:
வரிசை முனையில்தான் பாதை போகிறது. பாதையில்தான் ஆட்கள் நடக்கிறார்கள். அதனால் அங்கே நடுகிறார்கள். இதற்கு போர்தோ வரைக்கும் போக வேண்டுமா?

கம்பத்துக்காரன்:
இருவரும் மன்னிக்க வேண்டும். எனக்குப் பிழைப்பு சென்னையில் என்றாலும் கம்பத்தில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. எங்கள் ஊரில் திராட்சை பந்தலில் படரும். பந்தலுக்கு ஏது வரிசை முனை? ரோஜா எங்கே வைப்பது? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து போர்டோ கலவை அடிக்கிறோம், கதை முடிந்தது. அந்தக் கலவை வந்த விதம் தெரியுமா? பிரான்சில் வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடித் தின்கிறார்கள் என்று பாதையோரக் கொடிகளில் மட்டும் நீலமாக அதைத் தெளித்து வைத்தார்கள். பார்த்தால் அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை. 1880களில் நடந்தது. ஆக, பாதையோரத்தில் வைப்பதெல்லாம் வழிப்போக்கர்களுக்காகத்தான். இந்த விஷயத்தில் நான் வேளச்சேரி அண்ணன் பக்கம்.

அண்ணாநகர் அகிலா:
போர்டோ கலவை அடிச்சாம்பல் நோய்க்கு. நான் சொன்னது சாம்பல் நோய்க்கு. இரண்டும் வேறு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கம்பத்துக்காரன்:
தெரியும் அம்மா. நீங்கள் நாசிக் போனது ஆகஸ்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடைமழையில் வருவது பெரும்பாலும் அடிச்சாம்பல். அப்போது ரோஜா எதை எச்சரித்தது?

வேளச்சேரி வாசகன்:
ஆகஸ்டா! இது என் கண்ணில் படவே இல்லையே! நண்பர்களே, குறித்துக்கொள்ளுங்கள். நாசிக்கில் கொடியைக் கவாத்து செய்வது, அதாவது வெட்டிவிடுவது, ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை. அக்டோபர் கவாத்துக்குப் பிறகுதான் பழம் பிடிக்கும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. ஆகஸ்டில் போனவர் பார்த்தது வெறும் இலை. நான் போனபோது காலையில் சால்வை போர்த்திக்கொள்ள வேண்டிய குளிர். ஷிராஸ் என்கிற ஒயின் திராட்சைக் கொத்துகள் கருநீலமாக என் இடுப்பு உயரத்தில் தொங்கின. ஒன்று பறித்து வாயில் போட்டேன், கேட்டுவிட்டுத்தான் பறித்தேன். சின்னப் பழம், தடித்த தோல், வாய் நிறைய விதை. ஆனால் அந்தத் தித்திப்பு நம் ரங்கநாதன் தெரு வண்டித் திராட்சைக்கு வராது. மாலையில் ஐந்து கோப்பைகளில் ஐந்து விதமாக ஊற்றிக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குதான். கோப்பையைச் சுழற்று, முகர்ந்து பார், பிறகு குடி என்றார்கள். செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினில் கொய்யா வாசனை வருகிறது என்றார்கள். எனக்கு வரவில்லை, என் மனைவிக்கு வந்தது. அணை நீரில் சூரியன் இறங்கும்போது யாரும் பேசவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி. ரோஜா அழகுக்கு.

குரோம்பேட்டை குமுதா:
அம்மாவை அழைத்துக்கொண்டு ஷீரடி போகிறோம். அங்கிருந்து நாசிக் ஒரே நாளில் முடியுமா? அம்மா ஒயின் குடிக்க மாட்டார், தோட்டத்தை மட்டும் பார்க்கலாமா?

மயிலைத் தாத்தா:
தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும், தாராளமாக முடியும் குழந்தாய். ஆனால் நாசிக் வரைக்கும் போய்விட்டு திரியம்பகேசுவரரையும் பஞ்சவடியையும் விட்டுவிட்டு யாராவது சாராயத் தோட்டத்துக்குப் போவார்களா? கோதாவரி பிறக்கிற ஊர் அது. காலம் கெட்டுப்போயிற்று.

திருவான்மியூர் தென்றல்:
தாத்தா, ஒயின் சாராயம் இல்லை. நம் ஊரில் பிராந்தி விற்கிற கடைக்கெல்லாம் ஒயின் ஷாப் என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நாசிக்கின் ஒயின் நிறுவனமான சூலாவின் முதல் பாட்டில் 2000-ல் வந்தது. நாசிக்காரர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே நம் கடற்கரையில் ஒயின் இறங்கிவிட்டது.

மயிலைத் தாத்தா:
இறங்கியது, யார் குடித்தார்கள் என்று சாடியில் எழுதியிருந்ததா?

திருவான்மியூர் தென்றல்:
அது கிடக்கட்டும். ரோஜா விஷயத்துக்கு வருகிறேன். ரோஜாவுக்குச் சாம்பல் நோய் தருகிற பூஞ்சை வேறு, திராட்சைக்குத் தருகிற பூஞ்சை வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பருவநிலையில் வளரும், அவ்வளவுதான்.

வேளச்சேரி வாசகன்:
நன்றி! பூஞ்சையே வேறாம். வழக்கு முடிந்தது. ரோஜா அழகுக்கு.

அண்ணாநகர் அகிலா:
நன்றி! ஒரே பருவநிலையாம். ரோஜாவில் வெள்ளை தெரிந்தால் திராட்சைக்கும் பருவம் வந்துவிட்டது என்றுதானே பொருள்? நான் எழுதியதும் அதுதான்.

திருவான்மியூர் தென்றல்:
நான் இருவருக்கும் எதிராகச் சொன்னேன்.

மயிலைத் தாத்தா:
உழவு மாடு திரும்பும்போது கொடியை முட்டாமல் இருக்க வரிசை முனையில் முள்செடி நட்டார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். அது மாடா குதிரையா என்று மறந்துவிட்டது.

வேளச்சேரி வாசகன்:
இப்போது குதிரையும் வந்துவிட்டது. அடுத்து யானை வரும். தாத்தா, நாசிக்கில் கொடிக்கு நடுவே டிராக்டர் ஓடுகிறது. டிராக்டருக்கு முள் வலிக்குமா?

கம்பத்துக்காரன்:
எல்லோரும் நாசிக், நாசிக் என்கிறீர்கள். அங்கே பழம் வருடத்தில் மூன்று மாதம். எங்களுக்கு எந்த மாதமும் ஏதாவது ஒரு பந்தலில் வெட்டு நடக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. குமுதா அக்கா அம்மாவோடு நம் தேனிக்கே வரலாமே?

அண்ணாநகர் அகிலா:
பன்னீர் திராட்சை சாப்பிட நல்ல பழம். அதைப் போய் ஷிராஸோடு ஒப்பிடுவது மல்கோவாவை ஊறுகாய் மாங்காயோடு ஒப்பிடுவது போல.

கம்பத்துக்காரன்:
ஊறுகாய் மாங்காய் எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஊரில் கேட்பார்கள்.

வேளச்சேரி வாசகன்:
அகிலா பேச்சை மாற்றுகிறார். ஏற்காடு விவாதத்திலும் இதையேதான் செய்தார். நான் ஆதாரம் தருகிறேன். நாசிக்கில் நான் எடுத்த படத்தை மேலே இணைத்திருக்கிறேன். பூத்துக் குலுங்கும் செடி, முன்னால் என் மனைவி, பின்னால் திராட்சை வரிசை. இதில் நோய் எங்கே, எச்சரிக்கை எங்கே?

அண்ணாநகர் அகிலா:
ஏற்காட்டில் மிளகுக் கொடியைக் காட்டி "காப்பி ஏறுகிறது பாருங்கள்" என்று படம் போட்டவர் யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இது ரோஜா இல்லை. காகிதப்பூ.

வேளச்சேரி வாசகன்:
காகிதப்பூ இடதுபுறம் இருக்கிறது. ரோஜா வலதுபுறம், என் மனைவியின் தோளுக்குப் பின்னால். கண்ணைத் திறந்து பாருங்கள்.

கம்பத்துக்காரன்:
அண்ணே, வலதுபுறம் இருப்பது செம்பருத்தி.

வேளச்சேரி வாசகன்:
வீட்டில் கேட்டுவிட்டேன். ரோஜா என்றுதான் சொல்கிறாள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி போகிறேன், வரிசை வரிசையாகப் படம் எடுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும் ரோஜா அழகுக்கு.

குரோம்பேட்டை குமுதா:
நாங்கள் போவது ஜூலையில். தோட்டத்தைப் பார்க்கலாமா, கூடாதா?

அண்ணாநகர் அகிலா:
பார்க்கலாம் குமுதா. மழையில் மலையெல்லாம் பச்சையாக இருக்கும். பழம் இருக்காது. போனால் எனக்காக ரோஜா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேளச்சேரி வாசகன்:
பூவையும் பாருங்கள்.