வீசும்போதே லைன் அறுந்து தவளை பறந்துபோகுது – விராலுக்கு எந்த லைன் வாங்கலாம்?

பள்ளத்தூர் தூண்டில்:
அவசரம். நாளைக்குக் காலைல கம்மாய்க்குப் போகணும். விராலுக்குத் தூண்டில்ல இரையா ரப்பர் தவளை போடுறேன். வீசும்போதே லைன் டப்புனு அறுந்து தவளை மட்டும் தண்ணிக்குள்ள போயிருது. மீன் அடிச்சு இழுக்கையிலயும் சில நேரம் அறுகுது. சாயங்காலம் காரைக்குடி போய் வேற லைன் வாங்கப்போறேன். எத்தனை பவுண்டு வாங்க? பாஸ் மீன் பிடிக்கிற வீடியோவுல ஃபுளோரோகார்பன் லைன் போடச் சொல்றாங்க. அதையே வாங்கிரவா?

கோட்டையூரான்:
இப்ப போட்டிருக்கது தங்கூசா (ஒத்தை நைலான் நரம்பு), பிரெய்டா (பல இழை பின்னுன லைன்)? எத்தனை எம்எம்? ராட் என்ன நீளம், ரீல் என்ன நம்பர், தவளை எத்தனை கிராம்? கம்மாய்ல தாமரையா, ஆகாயத்தாமரையா, வெறுந்தண்ணியா? இதெல்லாம் சொல்லாம எந்த லைன்னு சொல்ல முடியாது தம்பி.

கம்மாக்கரை:
எதுவா இருந்தாலும் கழட்டிப் போட்டுட்டு 0.40 தங்கூஸ் போடுங்க. செம்புறாங்கல் படித்துறையிலயும் கருவேல முண்டுலயும் உரசுனா பிரெய்டு நிமிஷத்துல பிரிஞ்சிரும். தங்கூஸ் தாங்கும், விலையும் கம்மி.

செஞ்சை வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிச்சுட்டுக் கேக்குற பழக்கம் புதுசா வர்றவங்களுக்கு வரவே மாட்டேங்குது.

பாஸ் அமெரிக்க மீன். தெளிஞ்ச ஏரித் தண்ணியில லைன் கண்ணுல படக் கூடாதுன்னு அங்க ஃபுளோரோகார்பன் போடுறாங்க. அதுவும் தண்ணிக்குள்ள இழுக்கிற இரைக்கு. பாசி மேல இழுக்கிற தவளைக்கு அவங்களும் பிரெய்டுதான் போடுறாங்க. வீடியோவை முழுசாப் பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்கும். தண்ணி அடர்த்தி 1-ன்னா ஃபுளோரோகார்பன் 1.78, மூழ்கும். தவளையோட மூக்கைக் கீழ இழுத்துரும். பிரெய்டு 0.97, மிதக்கும். செம்மண் கலங்கல்ல லைன் தெரியுமோங்கிற கவலையே வேண்டாம். கருப்புத் தவளை போடுங்க, கீழருந்து பாக்குற மீனுக்கு உருவம் பளிச்சுனு தெரியும்.

கோட்டையூரான்:
கம்மாக்கரை அண்ணே, கல்லுல உரசுறதுக்குத் தங்கூஸ் நல்லதுங்கிறதுல எனக்கு மறுப்பில்ல. ஆனா அது இழுத்தா நீளும். 20 மீட்டருக்கு அந்தப் பக்கம் விரால் அடிச்சா நம்ம இழுப்பு பாதி அந்த நீட்சிக்கே போயிரும். விரால் வாய் எலும்பு, முள் இறங்காது. தாமரைத் தண்டுல சுத்திக்கிட்டா பிரெய்டு தண்டை அறுத்துக்கிட்டு வெளிய வரும், தங்கூஸ் அங்கேயே நிக்கும்.

பள்ளத்தூர் தூண்டில்:
பிரெய்டுதான் அண்ணே. 30 பவுண்டு, 4 இழை. ரீல் 3000. ராட் 7 அடி, பழசு வாங்குனது. தவளை 13 கிராம். தாமரைக் கம்மாய்.

ரஸ்தாக்காரர்:
அப்படின்னா லைன் வாங்காதீங்க, காசு வீண். 30 பவுண்டுன்னா 13 கிலோவுக்கு மேல தாங்கும். 13 கிராம் தவளையை வீசுறதுல அது அறுகாது. வேற எதுவோ அறுக்குது.

முதல்ல அறுந்த நுனியைப் பாருங்க. பன்னி வாலாட்டம் சுருண்டிருந்தா முடிச்சு நழுவி அவிழ்ந்திருக்கு. பிரெய்டு வழவழப்பு, தங்கூசுக்குப் போடுற சுத்து முடிச்சு அதுல நிக்காது. பலோமர் போடுங்க: லைனை ரெண்டா மடிச்சு தவளையோட மூக்கு வளையத்துல விட்டு, சாதா முடிச்சு ஒண்ணு தளர்வாப் போட்டு, மடிச்ச நுனியில நிக்கிற காதுக்குள்ள தவளையை முழுசா நுழைச்சு, எச்சில் தொட்டு இறுக்கணும். லீடர் (லைன் நுனியில சேத்துக் கட்டுற தனித் துண்டு) வேண்டாம், சேக்குற முடிச்சுல பாசி சேரும். நுனி பிசிறு பிசிறா இருந்தா கல்லு, முண்டு உரசல். சுத்தமா வெட்டுனதா இருந்தா எங்கேயோ கூர் விளிம்பு இருக்கு.

கூர் விளிம்புன்னா நான் ராட் வளையத்தைத்தான் சந்தேகப்படுவேன். பழைய ராட்ல உள்ள இருக்க பீங்கான் வளையத்துல மயிரிழை விரிசல் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சைத் திரிச்சு ஒவ்வொரு வளையத்துலயும் விட்டு உள்விளிம்பைச் சுத்தித் தேய்ங்க. நார் எங்க சிக்குதோ அங்கதான் கோளாறு. நுனி வளையத்துல ரெண்டு தடவை தேய்ங்க. ரீல்ல லைன் ஓடுற உருளையையும் பாருங்க, அது சுத்தாம நின்னா லைன் ஒரே இடத்துல தேயும்.

கோட்டையூரான்:
இன்னொண்ணு. ஸ்பூல்ல லைனை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, 2 எம்எம் குறையட்டும். தளர்வாச் சுத்துன லைன் வீசும்போது மொத்தமாக் கிளம்பிச் சிக்கு விழும், அந்த வேகத்துல டப்புனு போகும். வீசுனதும் ரீல்ல லைனைப் பிடிக்கிற கம்பியைக் கையால மூடி, லைனை ஒரு இழு இழுத்துட்டுச் சுத்துங்க.

கம்மாக்கரை:
இவ்வளவு வேலை எதுக்கு? உசிர்த்தவளையைக் கோத்துப் போட்டா விரால் விடாது. ரப்பரை அடிச்சுட்டுத் துப்பிட்டுப் போறதே பிரச்சனை.

செஞ்சை வாத்தியார்:
1972 வனவிலங்குச் சட்டத்துக்குள்ள தவளையும் வருது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-லயே நிறுத்தியாச்சு. பொதுவுல இப்படி எழுதாதீங்க. துப்புறதுக்குக் காரணம் வேற. அடிச்ச சத்தத்துலயே ராடைத் தூக்குறாங்க. லைன் இறுகுற வரைக்கும் பொறுத்து, நுனியைத் தாழ்த்தி, அப்புறம் இழுக்கணும். புதுத் தவளையில முள் ரெண்டும் உடம்போட ஒட்டியிருக்கும். குறடால முனையை 2 எம்எம் வெளிய வளைச்சு விடுங்க. தவளைக்குள்ள தண்ணி ஏறினா அமுக்கி வெளியேத்துங்க, இல்லேன்னா அமுங்காது, முள் வெளிய வராது.

கானாடுகாத்தான் வாசகர்:
யாரும் கேக்கல, நான் கேக்குறேன். மீன்பாசி ஏலம் (கம்மாய்ல மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவர்கிட்டச் சொல்லியாச்சா? அப்புறம், செவப்புக் குஞ்சுக் கூட்டம் மேல வந்து போற இடத்துல தவளை போடாதீங்க. தாய் தகப்பன் ரெண்டும் காவல் நிக்கும். பசியில அடிக்காது, குஞ்சைக் காக்கத்தான் அடிக்கும். அதைப் பிடிச்சுட்டா ஜிலேபி மீனும் கெளுத்தியும் குஞ்சு மொத்தத்தையும் தின்னுரும்.

கம்மாக்கரை:
கோடையில தண்ணி வத்துனா ஊத்தா (கவுத்துப் பிடிக்கிற மீன்கூடை) போட்டு எல்லாத்தையும் அள்ளத்தானே போறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பிடிச்சா என்ன?

கானாடுகாத்தான் வாசகர்:
அள்ளும்போது குஞ்சு வளந்து மீனா இருக்கும் அண்ணே. இப்பத் தாயை எடுத்தா அந்த மீனே இருக்காது. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க.

கம்மாக்கரை:
குஞ்சு இருக்க மழைக்காலம் பூரா அப்ப யாரும் தூண்டிலே போடக் கூடாதா?

கானாடுகாத்தான் வாசகர்:
போடுங்க. குஞ்சு தெரியிற இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்றேன்.

பள்ளத்தூர் தூண்டில்:
நுனி வளையத்துல பஞ்சு சிக்குது. அறுந்த நுனியும் சுத்தமா வெட்டுனதாத்தான் இருக்கு. ஏலக்காரர்கிட்டச் சொல்லியாச்சு. கடைக்குக் கிளம்புறேன்.

ரஸ்தாக்காரர்:
ராடைக் கையோட கொண்டு போங்க. நுனித் தடிமனை அளந்து, அதே உள்விட்டக் குழாய் உள்ள வளையமாக் கேளுங்க. பழசைக் கழட்ட லைட்டரை உலோகக் குழாய்க்கு மட்டும் சில நொடி காட்டுங்க, கார்பன் குச்சியில சூடு படக் கூடாது. குறடால நேரா இழுங்க, திருகாதீங்க. புதுசுக்கு உருக்கிப் போடுற பசைக்குச்சி போதும். பசை ஆறுறதுக்குள்ள மத்த வளையங்களோட ஒரே நேரா வருதான்னு பின்னாடியிருந்து பாத்துத் திருப்பிருங்க. ஸ்பூல்ல இருக்க பிரெய்டைத் தூக்கிப் போட வேண்டாம். மேல உள்ளது விரிசல்ல உரசியிருக்கும், அடியில உள்ளது புதுசாவே இருக்கும். தலைகீழா மாத்திச் சுத்துங்க. அடியில கொஞ்சம் தங்கூஸ் சுத்திட்டு மேல பிரெய்டு போடுங்க, இல்லேன்னா ஸ்பூல்லயே வழுக்கும். டிராக்கை (மீன் இழுத்தா ரீல் லைனை விட்டுக்கொடுக்கிற இறுக்கம்) 3 கிலோவுக்கு வைங்க.