இரவுக் கட்டணத்துக்கு மாறியும் ஹீட் பம்ப் செலவு குறையவில்லை, ஸ்மார்ட் மீட்டர் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

கேட்டவர்:
வணக்கம். வீட்டைச் சூடாக்குவதற்கும் குளிக்கிற வெந்நீருக்கும் எங்களுக்கு ஒரே ஹீட் பம்ப்தான். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கிற வகை, 8 கிலோவாட். கீழ்த் தளத்தில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய், மேல் மாடியில் ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை), குளிக்கிற வெந்நீருக்கு 200 லிட்டர் டேங்க். ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்துக்கு மாறினேன். இரவு 12 முதல் 5 வரை வழக்கமான விலையில் 60 சதவீதம்தான். மாலை 5 முதல் 8 வரை ஒன்றரை மடங்கு. மற்ற நேரம் பழைய விலையே.

அதனால் டைமர் இப்படி வைத்தேன்: இரவு 12 முதல் 5 வரை 22 டிகிரி, பகலில் 18, மாலை 5 முதல் 8 வரை முழுவதும் நிறுத்தம், எட்டு மணிக்கு மேல் 21. வெந்நீர் தினமும் அதிகாலை 3 மணிக்கு, 60 டிகிரி.

முன்பு ஒரு நாளைக்கு 23 யூனிட் ஆகும். இப்போது, ஏறக்குறைய அதே குளிரில், 31. பணமும் குறையவில்லை, சற்றுக் கூடத்தான் செய்கிறது. மாலையில் அம்மா போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார், அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. மீட்டரின் அரைமணிக் கணக்கில் இரவு 12 முதல் 1 வரை 2.6, 2.5. அப்புறம் 1.3 ஆக ஓடுகிறது. 3 முதல் 4.30 வரை மறுபடி 2.7. இரவு 8 மணிக்கும் 2.6, 2.5. என் பம்ப் அதிகபட்சம் 2.7 கிலோவாட் மின்சாரம் இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. அப்படியென்றால் சரியாகத்தானே ஓடுகிறது? எங்கே தப்பு?

பதில் 1:
தப்பு அந்தக் கணக்கிலேயே தெரியுதுங்க. அரைமணிக்கு 2.6 யூனிட்னா 2.6 கிலோவாட் இல்ல. இரண்டால பெருக்குங்க, 5.2 கிலோவாட். உங்க கம்ப்ரசரால, அதாவது காத்துலேர்ந்து எடுத்த வெப்பத்தை உள்ளே தள்ளுற அந்த மோட்டாரால, அவ்வளவு இழுக்க முடியாது. நடுவுல 1.3 வருது பாருங்க, அதுதான் கம்ப்ரசர் மட்டும் ஓடுற அளவு, 2.6 கிலோவாட். மிச்சம் கிட்டத்தட்ட 3 கிலோவாட் எங்கேர்ந்து வருது? பம்புக்குள்ள இருக்கிற துணை ஹீட்டரும், டேங்க் தண்ணிக்குள்ள மூழ்கியிருக்கிற இம்மர்ஷன் ஹீட்டரும்தான், ரெண்டும் நேரா மின்சாரத்துலயே சூடாக்குறது. நான் பார்த்த வீடுகள்ல பாதிக்குப் பாதி இதுதான் கதை.

வீட்டை ஆறவிட்டுட்டு 8 மணிக்கு 21, 12 மணிக்கு 22-ன்னு தாவலா ஏத்தச் சொன்னா, பம்ப் தன்னால ஆகாதுன்னு நினைச்சு துணை ஹீட்டரைக் கூப்பிடும். ராத்திரி 12 மணிக்கும் 8 மணிக்கும் நடக்கிறது அது. 3 மணிக்கு டேங்க். கம்ப்ரசர் வீட்டைக் கவனிச்சுக்கிட்டு இருக்கும்போது 60 டிகிரி கேட்டா, இம்மர்ஷன் ஹீட்டர்தான் அந்த வேலையைச் செய்யும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூணு யூனிட் வெப்பம் தருதுன்னு வெச்சுக்குவோம். முழு விலையில வாங்கினாலும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு விலையில மூணுல ஒரு பங்குதான் ஆகும், 0.33. ஹீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணுதான் தரும். அதை 60 சதவீத விலையில ஓட்டினாலும் 0.60. மலிவு நேரத்துல ஓடுற ஹீட்டர், பகல் விலையில ஓடுற கம்ப்ரசரை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு.

பதில் 2:
நேரம் மாற்றுவதே வீண் வேலை என்பது என் கருத்து. ஹீட் பம்பை ஒரே சீராக 24 மணி நேரமும் ஓட விடுங்கள். இரவில் வெளிக்காற்று குளிர்ந்துவிடும், பம்பின் திறனும் இறங்கிவிடும். பழைய 23 யூனிட்டே நல்ல கணக்கு.

பதில் 1:
திறன் இறங்கும், ஒத்துக்கிறேன். ஆனா எவ்வளவு? ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பகல்ல 3.4 யூனிட் வெப்பம் கொடுக்கிறது ராத்திரி 3.0 கொடுத்தா 12 சதவீத நஷ்டம். விலையில 40 சதவீதம் குறையுது. அதனால ராத்திரிக்கு நகர்த்துறது சரிதான், நகர்த்தின விதம்தான் சரியில்ல.

பதில் 3:
அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள், இதே தப்பை நானும் செய்து திருத்திக்கொண்டேன்.

முதலில் பம்ப் வெளியே அனுப்பும் தண்ணீரின் சூடு எவ்வளவு என்று மெனுவில் பாருங்கள். 55 என்று நிலையாக வைத்திருந்தால் அதுதான் பெரிய ஓட்டை. ஒரு டிகிரி இறக்கினால் மின்சாரம் சுமார் 2 முதல் 2.5 சதவீதம் மிச்சம். வெளிக்குளிருக்கு ஏற்றபடி தண்ணீர்ச் சூடு தானே ஏறி இறங்கும் வளைகோடு ஒன்று மெனுவில் இருக்கும், அதை இயக்குங்கள். வீடு வசதியாக இருக்கும் வரை இரண்டு நாளுக்கு ஒரு டிகிரி இறக்கிப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம், தரை மெதுவாகத்தான் பதில் சொல்லும்.

அந்தத் தரைதான் உங்கள் சேமிப்புக் கிடங்கு. 80 சதுர மீட்டரில் 6 சென்டிமீட்டர் சிமெண்ட் பூச்சு இருந்தால், ஒரு டிகிரி சூடேற்ற இரண்டரை யூனிட்டுக்கும் மேல் வெப்பம் பிடிக்கும். வைத்ததை மெல்ல மெல்லத் திருப்பித் தரும். அதனால் 18, 22 என்று தாவாதீர்கள். இரவில் 21.5, பகலில் 20.5, மாலை 3 மணியிலிருந்து 5 வரை மறுபடி 21.5. மாலையில் நிறுத்துவதற்குப் பதில் 20 என்று வையுங்கள். பெரும்பாலும் பம்ப் தானாகவே சும்மா இருக்கும், அம்மாவுக்குக் குளிர் வந்தால் மட்டும் ஓடும்.

டேங்கை தினமும் 48 டிகிரிக்கு, கம்ப்ரசரை மட்டும் வைத்து, இரவு 1 மணிக்கு. ஆனால் வாரத்தில் ஒரு நாள் 60 டிகிரி கட்டாயம். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அதுவும் வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அன்றைக்குக் குழாயில் வரும் தண்ணீர் சில நொடிகளில் சுட்டுவிடும். சூட்டைக் கலந்து தரும் வால்வு இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள்.

பதில் 1:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. துணை ஹீட்டரோட சுவிட்சை ஒரேயடியா அணைச்சு வெக்காதீங்க. கடுங்குளிர்ல வெளி யூனிட்ல பனி உருக்கும்போதும், குழாய் உறையாம இருக்கவும் அது தேவைப்படலாம். வெளி வெப்பம் எத்தனை டிகிரிக்குக் கீழ போனா ஹீட்டர் வரலாம்னு மெனுவுல ஒரு எண் இருக்கும். அதை மைனஸ் 5 மாதிரி இறக்கி வெச்சா போதும்.

கேட்டவர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர்ச் சூடு 55 என்றேதான் இருந்தது, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை. வளைகோட்டை இயக்கினேன், இப்போது பெரும்பாலும் 41, 42-ல் நிற்கிறது. ஹீட்டர் எண்ணையும் அண்ணா சொன்னபடி இறக்கினேன்.

ஒரு நாளைக்கு 24 யூனிட். அதில் 11 மலிவு நேரத்தில், மாலையில் 1.8 மட்டுமே. பழைய விலையில் 23 யூனிட்டுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் செலவு சுமார் 11 சதவீதம் குறைவு. அரைமணிக் கணக்கில் 1.3-ஐத் தாண்டியது வெந்நீர் 60-க்குப் போன ஒரே ஒரு இரவுதான். மாலை எட்டு மணிக்கு வீடு 20.2. அம்மா போர்வையை மடித்து வைத்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. குளிர் குறைந்த நாட்களில், மீட்டரின் உடனடி அளவைப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 1.4 கிலோவாட்டுக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. இது பம்புக்குக் கெடுதலா?

பதில் 1:
நல்லதில்ல. வெப்பம் போக இடமில்லாம பம்ப் நின்னு நின்னு ஓடுது, கம்ப்ரசர் சீக்கிரம் தேஞ்சுடும். மேல் மாடி ரேடியேட்டர் வால்வெல்லாம் எந்த எண்ல இருக்கு?

கேட்டவர்:
படுக்கையறை இரண்டும் 2-ல், மற்றொன்று முழுக்க மூடியிருக்கிறது.

பதில் 1:
அதுதான். மூணையும் முழுசா திறந்துடுங்க. அறை ரொம்ப சூடானா வால்வை மூடாம, வளைகோட்டை இன்னொரு டிகிரி இறக்குங்க. நாளைக்கு அதே உடனடி அளவைப் பார்த்து, ஒரு தடவை ஓடினா எத்தனை நிமிஷம் நிக்காம ஓடுதுன்னு எழுதுங்க.

கேட்டவர்:
இப்போதே திறந்துவிட்டேன் அண்ணா. நாளை எழுதுகிறேன்.