8018 பிழைக்கு 8.8.8.8 மருந்தா?

கம்பிவடம்:
அலுவலகக் கணினியின் பெயர் டிஎன்எஸ்ஸில் (கணினிப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பதிவேடு) பதிவாகவில்லை, விண்டோஸின் நிகழ்வுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 8018 என்ற பிழை வருகிறது என்று மல்லிகை நேற்றுக் கேட்டிருந்தார். இரவுப்பணியாளன் தந்த பதில் இது: நெட்வொர்க் அமைப்பில் இரண்டாவது சர்வரின் முகவரிக்கான மாற்று டிஎன்எஸ் பெட்டியில் 8.8.8.8 போடுங்கள், ஃப்ளஷ்டிஎன்எஸ் கட்டளையை ஓட்டுங்கள், சரியாகிவிடும். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. ஃப்ளஷ்டிஎன்எஸ், கணினி சேமித்து வைத்திருக்கும் பழைய விடைகளை அழிக்கும். பெயரைப் பதிவதற்கு அது ஒரு துரும்பையும் அசைக்காது. அதற்கு ரெஜிஸ்டர்டிஎன்எஸ் என்று தனிக் கட்டளை இருக்கிறது. 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். உங்கள் அலுவலகக் கணினிகள் சேர்ந்திருக்கும் உள் டொமைனைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இரவுப்பணியாளன்:
மாற்று என்றால் மாற்றுதான். முதல் சர்வர் பதில் சொல்லாதபோது மட்டுமே விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். நான் பார்த்துக்கொள்ளும் எல்லா அலுவலகங்களிலும் 8.8.8.8 இருக்கிறது. சர்வர் படுத்துவிட்ட நாளிலும் அங்கெல்லாம் இணையம் நிற்கவில்லை. புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த நெருக்கடி புரியாது, தம்பி.

கம்பிவடம்:
முதல் சர்வர் ஒரு நொடி தாமதித்தாலே கேள்வி இரண்டாவதற்குப் போய்விடும். உள் டொமைன் பெயரைக் கேட்டால் 8.8.8.8 "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லும். விண்டோஸ் அதை முறையான பதிலாக ஏற்றுக்கொள்ளும், வேறு யாரையும் கேட்காது. பெயரைப் பதிய வேண்டிய கணினி, அந்த டொமைனுக்குப் பொறுப்பான சர்வர் எது என்று முதலில் விசாரிக்கிறது. விசாரணையே தவறான வாசலுக்குப் போனால் பதிவு எங்கே நடக்கும்? இரண்டு பெட்டியிலும் உள் சர்வர்தான் இருக்க வேண்டும். வெளிப் பெயர்களுக்கு, கேள்வியை வெளிச் சர்வருக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரை அந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். தம்பி என்று அழைக்கும் உறவு நமக்குள் இல்லை.

மல்லிகை:
அந்தக் கணினியை ஃபார்மட் செய்தோம். டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் இருந்த அதன் பழைய கணக்கை நீக்கிவிட்டு, அதே பெயரில் மீண்டும் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் இந்தப் பிழை. மற்றக் கணினிகள் நன்றாகவே இருக்கின்றன.

வரப்பு:
8018 என்றால் பாதுகாப்புச் சிக்கல் என்றுதான் அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். சர்வர் பதிலே தராவிட்டால் 8015 வரும். பழைய டிஎன்எஸ் பதிவு நீக்கப்பட்ட கணக்கின் பெயரில் கிடக்கிறது. புதிய கணக்குக்கு அதைத் திருத்த உரிமை இல்லை. அந்தப் பதிவை அழித்துவிட்டு ரெஜிஸ்டர்டிஎன்எஸ் ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள், சர்வரின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஏற்காது.

இரவுப்பணியாளன்:
பார்த்தீர்களா, வரப்பு 8.8.8.8 பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதில் தவறே இல்லை என்று தெரிந்துவிட்டது. கணினிக்கு ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி கிளையன்ட் சேவையையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள், பெயரைப் பதிவது அதுதான்.

கம்பிவடம்:
அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை. விஸ்டா வந்ததிலிருந்து பதிவு வேலை டிஎன்எஸ் கிளையன்ட் சேவையிடம் இருக்கிறது. வரப்பு சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சாட்சியாக்கவும் வேண்டாம். பழைய பதிவை அழித்தாலும் 8.8.8.8 அங்கே இருக்கும்வரை இதே தொல்லை வேறொரு நாள் வரும். எடுங்கள் அதை.

இரவுப்பணியாளன்:
எக்ஸ்பியிலிருந்தே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். 8.8.8.8 இருப்பதால் என் அலுவலகங்களில் ஒரு கணினியும் பதிவாகாமல் போனதில்லை.

கம்பிவடம்:
போகாது. போன வருடம் இங்கேயே ஒருவரிடம், கணினிகள் தாங்களே பெயரைப் பதியும் டைனமிக் அப்டேட்டைப் பாதுகாப்பற்ற நிலைக்கு மாற்றச் சொன்னவர் நீங்கள். கதவைத் திறந்து போட்டால் எந்தக் கணினியும் எந்தப் பெயரையும் பதிந்துகொள்ளும். அதைச் சாதனை என்று சொல்லாதீர்கள்.

இரவுப்பணியாளன்:
அந்த அலுவலகத்தில் அன்றே வேலை நடந்தது. நீங்கள் அன்றைக்கும் பாடம்தான் நடத்தினீர்கள்.

மல்லிகை:
பதிவை அழிக்க எனக்கு அனுமதி இல்லை, நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை 8.8.8.8 இருக்கட்டுமா, எடுத்துவிடவா?

கம்பிவடம்:
எடுத்துவிடுங்கள்.

இரவுப்பணியாளன்:
இருக்கட்டும். சர்வர் படுக்கும் நாளில் இவரா வந்து இணையம் கொடுப்பார்?

கம்பிவடம்:
சர்வர் படுக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே உங்களுக்குச் சம்பளம்? டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் இரண்டாவதாக ஒன்று வையுங்கள், அதன் முகவரியை அந்தப் பெட்டியில் போடுங்கள்.

இரவுப்பணியாளன்:
அதற்குப் பணம் நீங்கள் தருகிறீர்களா?