லூகர் பி08: அசலா, ஜோடித்ததா? சிலர் பார்த்தவை

டெக்சாஸில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் பார்த்தது. லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி. டாகிள் (மேலே முழங்கால்போல் மடங்கும் பாகம்) மேல் 'பி.ஒய்.எஃப்', சேம்பர் (குண்டு அமரும் அறை) மேல் '42'. அதாவது மவுசர் தொழிற்சாலையில் 1942-இல் செய்தது. கறுப்பு பேக்கலைட் (பழைய கால பிளாஸ்டிக்) பிடி. 'பிளாக் விடோ' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அது போருக்கு அப்புறம் வியாபாரிகள் சூட்டிய பெயர். அந்த அட்டைக்கென்றே விலையில் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள்.

எல்லா நம்பரும் பொருந்துகிறது என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொருந்தத்தான் செய்தது. லூகரில் சின்னச் சின்ன பாகங்களில்கூட சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஆனால் பழைய நம்பரை ராவிவிட்டுப் புதிதாக அடிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் நான் நம்பரைப் படிப்பதைவிட, அது அடிக்கப்பட்ட பரப்பைத்தான் அதிகம் பார்ப்பேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ராவிய இடம் லேசாகக் குழிந்து தெரியும். இதில் பக்கத்தகடு அப்படித்தான் இருந்தது.

அதைவிட என்னைச் சிரிக்க வைத்தது டிரிகர். வைக்கோல் மஞ்சள் நிறம்! பழைய லூகர்களில் டிரிகர், சேஃப்டி லீவர் போன்றவை அந்த நிறத்தில் இருக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் மவுசர் 1937 வாக்கில் அதை நிறுத்திவிட்டு, சின்ன பாகங்களுக்கும் துருப்பிடிக்காமலிருக்கக் கொடுக்கும் கருநீலமே கொடுக்க ஆரம்பித்தது. 1942 துப்பாக்கிக்கு மஞ்சள் டிரிகர் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, ராணுவச் சோதனையாளரின் கழுகு முத்திரையின் கீழ் 63. மவுசரில் அந்த எண் முப்பதுகளோடு முடிந்தது. 1942-க்கு 135 இருக்க வேண்டும். சரி, வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

* * *

மேலே சொன்னதற்கு நேர் எதிரானது எனக்கு வாய்த்தது. தெரிந்த ஒரு குடும்பத்தில் தாத்தா விட்டுப்போன, டிடபிள்யூஎம் என்ற ஜெர்மன் நிறுவனம் செய்த லூகர். சேம்பர் மேல் 1918, அதற்கும் மேலே 1920. 'ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வருஷமா? போலிதான்' என்று யாரோ சொல்லிவிட, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட இருந்தார்கள். நான் தடுத்தேன். முதல் உலகப் போர் முடிந்ததும் தனியார் கையிலிருந்த ராணுவ ஆயுதங்களை ஜெர்மன் அரசு திரும்ப வாங்கியது. அப்போது அரசுக்குச் சொந்தமானவற்றைப் பிரித்துக் காட்ட '1920' என்று முத்திரை அடித்தார்கள். அந்த இரட்டை வருஷம்தான் அதன் சரித்திரம்.

ஓரங்கள் கூர்மையாக இருந்தன, பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடங்களில் மட்டும் நிறம் போயிருந்தது. மேகசினின் (குண்டுகளை அடுக்கும் கூடு) மர அடியில் இருந்த நம்பர் மட்டும் வேறு. அது சகஜம், போர்க்களத்தில் மேகசின் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்று மறந்துவிட்டேன்: யார் கொடுத்தாலும் முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரைத் திறந்து பாருங்கள். உள்ளே குண்டு இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) மேலெழும்பி, அதன் பக்கத்தில் 'கெலாடன்' என்று தெரியும், ஜெர்மனில் 'குண்டு போட்டிருக்கிறது' என்று பொருள். அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

* * *

நான் பார்த்த லூகருக்கு முத்திரை ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. விற்றவர் உருக்கமான கதை வைத்திருந்தார்: அப்பா நார்மண்டியில் ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து எடுத்து, 1945-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தாராம். குழலின் அடிப்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் பெயர். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியாகும் துப்பாக்கிகளில்தான் அப்படிப் பொறிக்க வேண்டும். அப்பாவின் பையில் வந்ததற்கு அது எதற்கு? இடப்பக்கம் ஒரு 'எக்ஸ்' குறியும் இருந்தது. சோவியத் படை கைப்பற்றி, பிரித்துக் கலந்து, மொத்தமாக நீலத்தில் முக்கியெடுத்த ரகம். துப்பாக்கி அசல்தான், கதைதான் போலி. கதைக்கான காசைக் கழித்துவிட்டு விலை சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.